ஒற்றைப் பன்றிக்கு எவ்வளவு மருந்து?

காயம்பட்ட காட்டுப்பன்றி ஒன்று ஓடைக்கரை நாணலுக்குள் படுத்திருந்தது. அதற்குப் பயந்து மலையடியில் யாரும் தண்ணீருக்குப் போகவில்லை.

அதைச் சுட்டவர் பொம்மண்ணன். கூட்டத்தை விட்டுத் தனியே திரிந்து தினைக்காட்டுக்குள் புகுந்த ஒற்றைப் பன்றியை மேட்டில் நின்று சுட்டார். குழலில் போட்டிருந்த ஈய ரவை சிதறிப் பட்டது. பன்றி விழவில்லை. வெறிகொண்டு திரும்பி, காவலுக்கு நின்ற அவர் மைத்துனன் குஞ்சானின் தொடையைக் கிழித்துவிட்டு நாணலுக்குள் போய்விட்டது. குஞ்சான் காய்ச்சலில் கிடந்தான். அவன் முனகும்போதெல்லாம் பொம்மண்ணன் எழுந்து வெளியே போனார்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வெள்ளச்சியிடம் போனார். அந்தச் சரிவில் துப்பாக்கி பிடித்த எல்லோருக்கும் வெள்ளச்சிதான் குரு. பொம்மண்ணனை விட வயதில் சின்னவர். அதைப் பார்த்தால் ஆகாது என்று பொம்மண்ணன் கைகூப்பினார்.

“தாயி, ஒற்றைப் பன்றிக்கு எவ்வளவு மருந்து போடணும்?”

“எங்க நின்னு சுடப்போறீங்க, அண்ணே?”

“மேட்டுல நின்னுதான். வெடிமருந்து குறைஞ்சுபோச்சு. அதான் அன்னைக்கு விழலை.”

“குண்டா போட்டீங்க, ரவையா?”

“ரவை. குண்டு தப்பினா தப்பினதுதான். ரவை போட்டா ஒண்ணாவது படுமில்ல?”

“பட்டுச்சே.”



வெள்ளச்சி தோட்டத்துக் கடைசியில் ஒரு வாழைத்தண்டை நட்டார். உருக்கி வார்த்த ஈயக் குண்டுகளில் சிலவற்றை எடுத்து வந்து பொம்மண்ணன் கையில் கொடுத்தார். மருந்து அளக்கும் தன் மூங்கில் அளவையையும் கொடுத்தார்.

“இதால ஒரு அளவை மருந்து. அதுக்கு மேல நார். நாருக்கு மேல குண்டு. மேட்டிலிருந்து நாணல் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் தள்ளி நின்னு சுடுங்க.”

பொம்மண்ணன் சுட்டார். குண்டு தண்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பியது.

“பாத்தீங்களா? மருந்து பத்தலை.”

“கூட்டிப் போடுங்க.”

அளவைக்கு மேல் கொஞ்சம் போட்டார். கை நிற்காமல் இன்னும் கொஞ்சம் போட்டார். துப்பாக்கிக் கட்டை தோளில் இடித்ததில் இரண்டடி பின்னால் போனார். குண்டு எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. எரிந்த நார்தான் எதிரே புல்லில் கிடந்து புகைந்தது.

“இன்னும் கூட்டட்டுமா?”

“குழல் வெடிச்சா முகம் போயிரும். போதும். ஒரே அளவை போட்டுக்கிட்டு இப்படி வாங்க.”

வெள்ளச்சி முன்னால் நடந்தார். வாழைத்தண்டின் நரம்பு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்றார். பொம்மண்ணன் அங்கிருந்து சுட்டார். குண்டு தண்டைத் துளைத்துப் பின்னால் இருந்த வரப்பில் புதைந்தது.

பொம்மண்ணனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

“இவ்வளவு கிட்டப் போனா அது என்னைப் பாத்துருமே, தாயி?”

“பாக்கும்.”

“மறுபடி மருந்து கெட்டிக்க நேரம் இருக்காதே?”

“இருக்காது.”

மறுநாள் வெயில் ஏறியதும் இருவரும் ஓடைக்கு இறங்கினார்கள். காற்று நாணல் பக்கமிருந்து வந்தது. சீழ் நாற்றம் அடித்தது. மேட்டுக்கு வந்ததும் பொம்மண்ணனின் கால் தானாக நின்றது. வெள்ளச்சி நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் பொம்மண்ணனும் இறங்கினார். பாதிச் சரிவில்தான் வெள்ளச்சியின் கைகளைக் கவனித்தார். இரண்டும் வெறுங்கைகள்.

“உங்க துப்பாக்கி எங்க?” என்று கிசுகிசுத்தார்.

“வீட்டுல.”

பொம்மண்ணன் தன் துப்பாக்கிக் குதிரையின் கீழ், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இருந்தது. இரண்டு எட்டு போனதும் மறுபடி தடவிப் பார்த்தார்.

நாணல் அசைந்தது. சுடலாமா என்று வெள்ளச்சியைப் பார்த்தார். வெள்ளச்சி தலையசைத்து மறுத்தார். இன்னும் நான்கு எட்டு நடந்தார்கள். நாணல் விலகியது. பன்றி எழுந்து நின்றது. வலது தொடை வீங்கி, புண்ணில் ஈ மொய்த்தது. அதன் இமைமயிர் கூடத் தெரிந்தது. அது தலையைத் தாழ்த்தியது.

பொம்மண்ணன் சுட்டார்.

புகை மூடிக்கொண்டது. எதிரில் எதுவும் தெரியவில்லை. நாணல் முறியும் சத்தம் கேட்டது. அது அவரை நோக்கி வருகிறதா, விழுகிறதா என்று தெரியவில்லை. காலியான துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

புகை கலைந்தது. பன்றி பக்கவாட்டில் கிடந்தது. காது ஒருமுறை துடித்து நின்றது. வெள்ளச்சி அவர் அருகில், நின்ற இடத்திலேயே நின்றார்.

பொம்மண்ணன் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“தாயி, குறி தப்பியிருந்தா ரெண்டு பேரும் செத்திருப்போம். நீங்க ஏன் துப்பாக்கி எடுத்துட்டு வரலை?”

வெள்ளச்சி குனிந்து ஓடைத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

“எடுத்துட்டு வந்திருந்தா நீங்க மேட்டுலயே நின்னிருப்பீங்க, அண்ணே.”