சாத்தன் செய்த வில்

கூத்தன் மலைமேல் இருந்த மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவன் கையில் ஒரு வில் மட்டும் இருந்தது. அவனுடைய ஒரே மகன் சாத்தன் தன் கையாலேயே மரம் தேடி வெட்டி, செதுக்கிச் செய்த வில் அது. தினைக்காட்டில் இறங்கிய பன்றியைத் துரத்திப் போன சாத்தன், பாறை வழுக்கி ஓடையில் விழுந்து இறந்தான். உடலைத் தூக்கியபோது வில் அடியில் கிடந்தது. பிடியிலிருந்து கீழ்நோக்கி நீளமாக விரிசல் விட்டிருந்தது.

மடத்தின் குரு பூதியம்மை. வில் செய்யும் குடும்பத்தில் பிறந்து துறவு பூண்டவர். கூத்தனைவிட வயதில் இளையவர். கூத்தன் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"அம்மா, இந்தத் துக்கம் எப்போ தீரும்?"

பூதியம்மை தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். மறுநாளும் கேட்டான். விறகு பிளக்கச் சொன்னார்.

மழை ஓய்ந்து, தினை கதிர் பிடிக்கும் காலம் வந்தது. கூத்தன் கேட்பதை நிறுத்தவில்லை. வேலை இல்லாதபோதெல்லாம் வில்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாத்தன் பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போயிருந்த இடத்தின்மேல் தன் கையை வைத்துக்கொள்வான். அப்படியே இருப்பான்.

ஒரு நாள் காலையில் அவன் மனைவி நங்கை மலையேறி வந்தாள். இளைத்திருந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"வில்லை வாங்கிட்டுப் போக வந்தேன்" என்றாள்.

"எதுக்கு?"

"பன்றி இறங்குது. கத்திக் கத்தித் துரத்துறேன். முன்ன மாதிரி பயப்பட மாட்டேங்குது. பாதிக் காடு போச்சு."

"உனக்கு வில் பிடிக்கத் தெரியாதே."

"கத்துக்கிறேன்."

"இது உடைஞ்ச வில்."

"சரி பண்ணலாம்ல."

கூத்தன் வில்லை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"இது அவன் தொட்டது, நங்கை. இதுல யாரும் கை வைக்கக் கூடாது."



"நானும் அவன் தொட்டவதான்" என்றாள்.

காட்டை ஆளில்லாமல் விட்டு வந்திருந்தாள். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் போன வழியையே பார்த்துக்கொண்டு கூத்தன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய் வில்லைப் பூதியம்மையின் முன்னால் வைத்தான்.

"சரி பண்ணிக் கொடுங்க, அம்மா."

பூதியம்மை விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். மரம் ஒட்டும் வச்சிரப் பசையை அடுப்பில் காய்ச்ச வைத்தார். ஒரு மூங்கில் பத்தையைச் சீவி மெலிதாக்கினார். ஆட்டு நரம்பைத் தட்டி நாராகக் கிழித்துத் தண்ணீரில் ஊறப் போட்டார். எல்லாம் ஆனபிறகு ஒரு கத்தியை எடுத்துக் கூத்தனிடம் நீட்டினார்.

"பிடியைச் சுரண்டுங்க."

"பிடியையா?"

"விரிசல் அங்கேருந்துதான் கிளம்புது. கையோட எண்ணெயும் வேர்வையும் மரத்துல ஊறியிருக்கு. அது மேல பசை ஒட்டாது. வெள்ளை மரம் தெரியணும்."

கூத்தன் கத்தியை வாங்கவில்லை.

"நீங்களே சுரண்டிடுங்களேன், அம்மா."

"என் கைக்கு அது வெறும் மரம்."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. கூத்தன் கத்தியை வாங்கினான். பிடியின்மேல் வைத்து இழுத்தான். கறுப்பு, மெல்லிய தூளாக மடியில் உதிர்ந்தது. அவன் அழுதுகொண்டே சுரண்டினான். பூதியம்மை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழாதீங்க என்று சொல்லவில்லை.

வெள்ளை மரம் தெரிந்தது. மடியில் கிடந்த தூளைக் கூத்தன் வேட்டி நுனியில் முடிந்துகொள்ளப் போனான்.

"அதைக் கொடுங்க" என்றார் பூதியம்மை.

வாங்கி, காய்ச்சிய பசையில் கொட்டிக் கலக்கினார். அந்தப் பசையை விரிசலுக்குள் ஆழமாகத் தள்ளி அடைத்தார்.

"வெறும் பசை இவ்வளவு பெரிய விரிசலை நிரப்பாது. தூளாப் போனா இது பசையோட கலந்துடும்" என்றார்.

விரிசலின்மேல் மூங்கில் பத்தையை ஒட்டி, நரம்பு நாரைப் பசையில் தோய்த்து இறுக்கிச் சுற்றினார்கள். ஒருவர் இழுக்க ஒருவர் சுற்றினார்கள். வில்லை நிழலில் தொங்கவிட்டார்கள். நரம்பு காயக் காய இறுகியது.

நன்றாகக் காய்ந்தபின் கூத்தன் நாண் ஏற்றி இழுத்துப் பார்த்தான். கட்டுப் போட்ட இடம் கல் மாதிரி நின்றது. வில் கோணலாக வளைந்தது.

பூதியம்மை மறுபடியும் கத்தியை நீட்டினார்.

"கட்டுப் போட்ட இடத்தை விட்டுட்டு மேலயும் கீழயும் இழைங்க. கொஞ்சம் கொஞ்சமா."

"அங்கெல்லாம் நல்லாத்தானே இருக்கு, அம்மா. நல்ல மரத்தை எதுக்கு இழைக்கணும்?"

"கட்டுப் போட்ட இடம் இனி வளையாது. அது வளைய வேண்டியதையும் சேர்த்து மத்த இடந்தான் வளையணும்."

கூத்தன் இழைத்தான். இழுத்துப் பார்த்தான். மறுபடியும் இழைத்தான். பொழுது சாயும் முன் வில் சீராக வளைந்தது. பழைய வளைவு இல்லை. சாத்தன் கையில் இருந்தபோது அது வேறு மாதிரி வளையும். கூத்தனுக்கு அது தெரிந்தது.

நாணைத் தளர்த்தி, இழைத்து மெலிந்த இடத்தை அவன் தொட்டுப் பார்த்தான்.

"இவ்வளவையும் சேர்த்து இந்த இடம் தாங்குமா, அம்மா?"

பூதியம்மை கத்தியைத் துடைத்து உறையில் போட்டார்.

"அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? தினைக்காட்டுல ஒருத்தி எல்லாத்தையும் சேர்த்துத் தாங்கிட்டுத் தனியா நிக்கிறா. போய் அவளைக் கேளுங்க."