வலப்பக்கத்தாரின் ஊதியம்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், மாறவேள் என்றொரு அரசன் இருந்தான். அவனுக்காகச் சட்டம் இயற்றும் சபையில் பன்னிரண்டு பேர். பதினொருவர் நிலக்கிழார்கள், ஒருவர் மட்டும் குயவர் சடையன். மழை பொய்த்த அந்த வருஷத்திலும் தங்கள் ஊதியத்தை உயர்த்தச் சொல்லி மூன்றாவது முறையாகச் சபையார் ஓலை நீட்டினார்கள்.

அரசனுக்கு அலுத்துவிட்டது. அரண்மனை விகடகவி நாகையனைக் கூப்பிட்டான். “நாளைக்குள் நீயே ஒரு ஊதியத்தை முடிவு செய். பன்னிருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் நீ நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.”

நாகையன் மனைவி நிறைமாதம். எங்கே கூட்டிக்கொண்டு போவான், பாவம்! சபைத் தலைவர் அனந்தராயருக்கோ கொண்டாட்டம். “அவன் எதைச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்” என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தார்.

மறுநாள் நாகையன் வணங்கினான். “அரசே, நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வட்டமாக அமர்ந்திருக்கும் சபையார், அவரவர் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஊதியம் தகும் என்று எழுதித் தங்கள் முத்திரையை இடட்டும்.”

முத்திரை விழுந்த ஓலையைத் திரும்பப் பெற முடியாது என்பது அந்தச் சபையின் வழக்கம். அது தெரிந்தும், பக்கத்து ஆளைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுத்தது. “ஒன்றும் வேண்டாம்”, “தூங்குவதற்குக் கூலியா?”, “இவருக்கு நன்றி சொன்னால் போதும்” என்று பதினோரு ஓலைகள். அனந்தராயரின் இடப்பக்கம் இருந்த சடையன் மட்டும், “வந்த நாளுக்கு ஓர் உழவனின் கூலி, வராத நாளுக்கு இல்லை” என்று எழுதியிருந்தார்.

“பதினொருவர் சொன்னபடி ஒன்றும் கொடுக்க வேண்டாமே!” என்று அரசன் சிரித்தான்.

நாகையன் சிரிக்கவில்லை. “அப்படிச் செய்ய வேண்டாம், அரசே. சம்பளம் இல்லாவிட்டாலும் இவர்கள் வருவார்கள். சடையனால் முடியாது, அவர் இங்கே வரும் நாளில் அவர் சக்கரம் சுற்றுவதில்லை. பிறகு களஞ்சியம் உள்ளவர்கள் மட்டுமே சட்டம் எழுதுவார்கள்.”

அரசன் சபையாரைப் பார்த்தான். “நீங்களே முத்திரையிட்ட பதினோரு ஓலைகளின்படி எல்லோருக்கும் ஒன்றுமில்லையா, சடையனின் ஓலைப்படி எல்லோருக்கும் உழவனின் கூலியா? எது வேண்டும்?”

பன்னிரண்டு கைகளும் சடையனின் ஓலைக்கே உயர்ந்தன. முதலில் உயர்ந்தது அனந்தராயரின் கை.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்துத் தன் முத்துமாலையைக் கழற்றி நாகையன் கழுத்தில் போட்டான். “ஓடு! உன் மனைவியிடம் மூட்டையை அவிழ்க்கச் சொல். பிள்ளை இங்கேயே பிறக்கட்டும்.”