கல்மனின் வில்லை

அன்று ஜெபக்கூடத்தில் இருந்தவர்கள்: ரப்பி நஃப்தாலி, அவருடைய சீடர் மெனாஷே, கசாப்புக்காரர் ஹெனோக், அவருடைய நான்கு மகன்கள், மாவு மில்காரர், அவருடைய இரண்டு மருமகன்கள், தையற்காரர்கள் மூவர், செருப்பு தைப்பவர், அவர் தம்பி, வண்டிக்காரர்கள் இருவர், ஜன்னலுக்குக் கண்ணாடி போடுபவர், பள்ளி ஆசிரியர், காது கேளாத லீபர், ஊர்க் குளியல் வீட்டில் அடுப்பு எரிக்கும் கல்மன், கூடத்தைப் பெருக்கிப் பூட்டும் நான். ரவென்கா நகரத்திலிருந்து வந்த விருந்தினர் இருவர். மாடியில் பெண்கள்.

எங்கள் யூத வழக்கத்தில் ஆட்களை விரல் நீட்டி எண்ணுவதில்லை. கதவருகே கொக்கிகளில் தொங்கிய மேல்கோட்டுகளைத்தான் எண்ணினேன். ஊர்க்காரர்களுடையவை இருபத்திரண்டு, விருந்தினருடையவை இரண்டு. மாடியில் சால்வைகள் ஒன்பது.

எங்கள் வேதமான தோராவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வாரம் ஒரு பகுதி என்று ஓராண்டில் வாசித்து முடிப்பது வழக்கம். ஓய்வுநாள்தோறும் ஏழு பேரை மேடைக்கு அழைப்போம். அழைக்கப்பட்டவர் ஆசீர்வாதம் சொல்வார். கூடம் ஆமென் சொல்லும். பிறகு வாசிப்பு. முதல் இரண்டு அழைப்புக்கு உரிமையுள்ள ஆரோன் வழியினரும் லேவியரும் எங்கள் ஊரில் இல்லை. ஆகவே ஏழு அழைப்பும் எங்களுக்குள்ளேயே சுற்றி வரும்.

ஓய்வுநாளில் எழுதக் கூடாது. அதனால் ஆளுக்கு ஒரு மர வில்லை செய்து, பெயரைச் செதுக்கி, ஒரு பலகையில் மாட்டியிருந்தேன். அடுத்த வில்லையை நான் எடுத்துக் கொடுப்பேன். மெனாஷே பெயரைக் கூப்பிடுவார். வாசிப்பு முடிந்ததும் பெயர் மறையும்படி அதைத் திருப்பி மாட்டுவேன். எல்லாம் திரும்பியதும் அடுத்த சுற்று.

மெனாஷேக்கு வயது நாற்பத்தாறு. ரப்பி அவரைவிட ஏழு வயது இளையவர். அதை மெனாஷே ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் பேசினால் ஊர் கேட்கும். அந்தந்த வாரப் பகுதியை எடுத்து, நம் கூடத்துக்கு அது என்ன சொல்கிறது என்று விளக்குவார். ரவென்காவில் ஒரு பிரசங்கியார் வேண்டியிருந்தது. விருந்தினர் இருவரும் அவர் பேச்சைக் கேட்டு முடிவு செய்யத்தான் வந்திருந்தார்கள்.

அது எத்திரோவின் பகுதி வாசிக்கும் வாரம். மோசேயைப் பார்க்க மாமனார் எத்திரோ வருகிறார். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்கள் தங்கள் குறையைச் சொல்ல வரிசையில் நிற்கிறார்கள். இது சரியில்லை என்கிறார் மாமனார். கேட்பதற்கு இன்னும் ஆட்களை வைக்கச் சொல்கிறார். மெனாஷே அதற்காக ஆறு நாள் தயார் செய்திருந்தார்.

தோராச் சுருள் இருக்கும் பெட்டகத்தைத் திறக்கப் போகும் நேரம். கல்மன் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். வாசிப்பு மேசையை உள்ளங்கையால் மூன்று முறை தட்டினார்.

எங்கள் ஊரில் அதற்கு ஒரு பொருள் உண்டு. தனக்கு அநியாயம் நடந்ததாக நினைக்கிறவர் யாரானாலும் அப்படித் தட்டலாம். தட்டிவிட்டால், அவர் சொல்வதைக் கேட்டு முடிக்கும்வரை சுருளை வெளியே எடுப்பதில்லை.

கல்மனுக்குத் திக்குவாய்.

“எ... எனக்கு... எனக்கு ஒரு...”

கூடம் அவரைப் பார்த்தது. விருந்தினர்களும் பார்த்தார்கள்.

“எனக்கு ஒரு மு... மு...”

“முட்டைக்கோஸா?” என்றான் ஹெனோக்கின் மூன்றாவது மகன். பெஞ்சு குலுங்கியது.

“சும்மா இருடா,” என்றார் ஹெனோக். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “கல்மன் அண்ணே, நீங்க முடிக்கிறதுக்குள்ள பஸ்கா பண்டிகை வந்துடும். வீட்டுல சூப்பு ஆறுது.”

மெனாஷே மேசையருகே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கல்மன், வாசிப்பு முடியட்டும். பிறகு நானே உட்கார்ந்து கேட்கிறேன்.”

“வ... வழக்கம்...”

“வழக்கம் எனக்கும் தெரியும். இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள். முதலில் தோராவைக் கேளுங்கள்.”

கல்மன் ரப்பியைப் பார்த்தார். ரப்பி தம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்மனின் கை இன்னும் மேசைமேல் இருந்தது. அதை எடுத்தார். தம் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவு திறந்தே கிடந்தது. குளிர் உள்ளே வந்தது.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

மாடிப்படியில் அவர் மனைவி பெர்ல் இறங்கும் சத்தம் கேட்டது. கோட்டுகள் இருபத்து மூன்று. சால்வைகள் எட்டு.

அன்று மெனாஷே பேசியதுபோல அதற்கு முன் பேசியதில்லை. ஒருவன் நம் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது நாம் காதை மூடி உட்கார்ந்திருந்தால், அந்தக் கூடத்துக்குக் கூரை இருந்தும் பயனில்லை என்றார். மில்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருந்தினர்கள் வந்து மெனாஷேயின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பஸ்காவுக்கு முன்னால் வந்துவிடுங்கள்,” என்றார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கல்மன் வீட்டுக்குப் போகலாம் என்று மெனாஷே நினைத்திருந்தார். விருந்தினர்கள் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு காலை போனார். வீடு பூட்டியிருந்தது. விடியற்காலையிலேயே பனிச்சறுக்கு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை, ஓய்வுநாளுக்கு முன் குளிக்கப் போனவர்கள் சீக்கிரமே திரும்பினார்கள். ஹெனோக் நடுங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

“தண்ணியா அது? கத்தி. ஏன் ரப்பி, இந்த ஊர்ல அடுப்பு எரிக்கத் தெரிஞ்ச ஆளே கிடையாதா?”

“கல்மன் இருந்தார்,” என்றார் ரப்பி.

ஹெனோக் தாடியிலிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நான் பலகையைத் துடைத்தேன். ஆறு வருஷமாக வாரம்தோறும் துடைக்கிறேன். அன்றுதான் பார்த்தேன். எல்லா வில்லைகளும் கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தன. ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு ரப்பியிடம் போனேன். மெனாஷே அவரோடு உட்கார்ந்திருந்தார்.

ரப்பி அதை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். “இது புதிதா?”

“இல்லை. கல்மன் இந்த ஊருக்கு வந்தபோது செய்தது. ஆறு வருஷம்.”

“எத்தனை முறை எடுத்தீர்கள்?”

“ஒரு முறை.”

அந்த ஒரு முறை மூன்று பேருக்கும் நினைவிருந்தது. கல்மன் மேடையில் நின்று ஆசீர்வாதத்தைத் தொடங்கினார். பாதியில் ஒரு சொல்லில் நின்றுவிட்டார். ஹெனோக் உரக்க ஆமென் என்றார். கூடமும் ஆமென் என்றது. வாசிப்பவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். கல்மனின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

“அதன் பிறகு?” என்றார் ரப்பி.

“அவருடைய முறை வரும்போது நான் மெனாஷேயைப் பார்ப்பேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் அடுத்த வில்லையை எடுப்பேன்.”

“அவருக்கு ஏன் சங்கடம் என்று நினைத்தேன்,” என்றார் மெனாஷே.

ரப்பி வில்லையை மேசைமேல் வைத்தார்.

“எத்திரோ பகுதிக்கு நான்கு வாரம் முன்னால்,” என்று மெனாஷே மெதுவாகத் தொடங்கினார், “மோசேக்கு நாக்கு எழவில்லை என்று வரும் பகுதி. தடையில்லாமல் பேசுகிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தும், கடவுள் திக்குகிற நாக்கைத் தேடிப் போனார் என்று பேசினேன். கடைசி பெஞ்சில் கல்மன் அழுதார். நான் மேடையிலிருந்து பார்த்தேன்.”

“பார்த்து?”

“பேச்சு நன்றாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.”

நான் விரலை மடக்கிப் பார்த்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அதற்கு அடுத்த மூன்று வாரத்தில் இருபத்தோரு அழைப்பு. மற்ற இருபத்தோரு பேரையும் கூப்பிட்டோம். நான்காவது வாரம் அவர் மேசையைத் தட்டினார்.”

மெனாஷே முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு ரப்பியைப் பார்த்தார்.

“நீங்கள் முன்வரிசையில்தானே இருந்தீர்கள், ரப்பி? என்னை ஏன் தடுக்கவில்லை?”

“கையைத் தூக்கியிருந்தால் போதும். தூக்கவில்லை.”

“ஏன்?”

“உங்கள் பேச்சைக் கேட்க எனக்கும் அவசரம்.”

கல்மன் ஒப்ரினா என்ற ஊரில் இருப்பதாக வண்டிக்காரர்கள் மூலம் தெரிந்தது. இரண்டு நாள் பயணம். மெனாஷே போய், ஆறாம் நாள் திரும்பினார். நேராக ரப்பி வீட்டுக்கு வந்தார். நான் அங்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“பார்த்தீர்களா?” என்றார் ரப்பி.

“பார்த்தேன். செங்கல் சூளையில் வேலை செய்கிறார். மன்னிப்புக் கேட்டேன். நான் கேட்டு முடிப்பதற்குள் மன்னித்துவிட்டார்.”

“முறையீடு?”

“இப்போது சொல்லுங்கள், எவ்வளவு நேரமானாலும் நின்று கேட்கிறேன் என்றேன். சிரித்தார். இப்போது முறையீடு ஒன்றும் இல்லை என்றார். போன முதல் வாரமே அங்கே அவரை மேடைக்குக் கூப்பிட்டார்களாம். அவர் முடிக்கும்வரை காத்திருந்து ஆமென் சொன்னார்களாம். அதைச் சொல்லத்தான் அவருக்கு நேரம் பிடித்தது.”

“திரும்பி வரச் சொன்னீர்களா?”

“சொன்னேன். எதற்கு என்றார். குளியல் வீட்டு அடுப்பு என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.”

ரப்பி ஒரு விறகை அடுப்பில் வைத்தார்.

“மன்னிப்பு கிடைத்துவிட்டது, ரப்பி. ஆனால் உள்ளே கனம் குறையவில்லை. நான் ரவென்காவுக்குப் போகலாமா? போனால் இதை மறப்பேனா?”

“போகலாம். அங்கேயும் ஒரு கடைசி பெஞ்சு இருக்கும்.”

மெனாஷே ரவென்காவுக்கு எழுதவில்லை. அங்கிருந்து வந்த அழைப்புக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

எத்திரோவின் பகுதிக்குப் பிறகு ஐந்தாவது ஓய்வுநாள். கூரையில் பனி உருகத் தொடங்கியிருந்தது. அன்றைய பகுதியில், பாலைவனத்தில் கடவுளுக்கென்று எழுப்பிய கூடாரம் கட்டி முடிகிறது. ஜனங்கள் கொடுத்த பொருள் எவ்வளவு, எதற்குப் போனது என்று மோசே கணக்கு ஒப்புவிக்கிறார். தூண்களில் மாட்டிய கொக்கிகள்கூட விடுபடுவதில்லை. மெனாஷே நன்றாகப் பேசுவார் என்று எல்லாரும் நேரத்தோடு வந்துவிட்டார்கள். பேசப்போவதில்லை என்று அவர் முன்தினமே ரப்பியிடம் சொல்லியிருந்தார். ரப்பி சரி என்றிருந்தார்.

ஏழு பேரைக் கூப்பிட்டு முடித்தோம். மூன்று வாரச் சுற்று அன்றோடு முடிந்தது. கடைசி வில்லையைத் திருப்பி மாட்டினேன்.

ரப்பி எழுந்து மேசையருகே வந்தார்.

“இன்னும் ஒருவரைக் கூப்பிடுங்கள், மெனாஷே.”

“ஏழு முடிந்துவிட்டது, ரப்பி.”

“ஏழுக்கு மேல் கூட்டலாம். குறைக்கத்தான் கூடாது.”

“யாரைக் கூப்பிட?”

ரப்பி என் பக்கம் கையை நீட்டினார். நான் வெள்ளை வில்லையை எடுத்துக் கொடுத்தேன். மெனாஷே அதை வெகுநேரம் வைத்துப் பார்த்தார். குரல் சரியாக எழவில்லை. இரண்டாம் முறைதான் வந்தது.

“எழுந்து வாருங்கள், பாரூக்கின் மகன் கல்மன்.”

யாரும் வரவில்லை.

ரப்பி மேசையை விட்டுச் சற்று விலகி, ஒருவர் நிற்க இடம் விட்டு நின்றார். ஹெனோக்கின் மூன்றாவது மகன் வாயைத் திறந்தான். ஹெனோக் அவன் தொடையில் கையை வைத்தார். அழுத்தி வைத்தார்.

கூரை இறவாணத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. வண்டிக்காரர்களில் ஒருவர் இருமினார்.

“என்ன ஆச்சு? யாரைக் கூப்பிட்டாங்க?” என்று லீபர் சத்தமாகக் கேட்டார்.

தையற்காரர் ஒருவர் அவர் காதருகே குனிந்தார். “கல்மனை!”

“வரட்டும், வரட்டும்,” என்றார் லீபர்.

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து நின்றோம். லீபரும் எழுந்தார்.

மெனாஷே ரப்பியின் பக்கம் சாய்ந்தார்.

“எவ்வளவு நேரம் நிற்பது, ரப்பி?”

“அவர் ஆசீர்வாதம் சொல்லி முடிக்கும்வரை.”

“அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“தெரியாது,” என்றார் ரப்பி. “நம்மில் யாரும் அதை முடிவுவரை கேட்டதில்லை.”

மெனாஷே வில்லையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அதை அதன் இடத்தில், பெயர் தெரியும்படி மாட்டினேன். திரும்பியிருந்தவை இருபத்தொன்று. மிஞ்சியது ஒன்று.