கடலுக்குள் நின்ற ஏழாம் நம்பர் பஸ்

"மிஸ், எனக்க டீமுல ஒருத்தரும் வேலை செய்யல."

ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் ஜெனிஷா சொன்னாள்.

நாகர்கோவிலுக்குத் தெற்கே உள்ள அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் அவள் இறுதியாண்டு. மூன்று பேர் அணிக்கு அவள்தான் லீடர். இன்று புதன். வெள்ளிக்கிழமை புராஜெக்டின் கடைசி ரெவ்யூ. அதில் தேறாவிட்டால் மூன்று பேருக்கும் ஆறு மாதம் போச்சு.

புராஜெக்ட் கைடு லில்லி புஷ்பம் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன பிரச்சினை மக்களே?"

"ஏழாம் நம்பர் பஸ் கடலுக்குள்ள நிக்குது மிஸ்."

கல்லூரி பஸ்கள் எங்கே வருகின்றன என்று போனில் காட்டும் செயலி அது. திங்கட்கிழமைதான் எல்லா பஸ்ஸையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். மற்ற எட்டும் ஒழுங்காக ரோட்டில் ஓடின. ஏழாம் நம்பர் மட்டும் மீன்பிடிக்கப் போனதுபோல நடுக்கடலில் நின்றது. அன்றிலிருந்து ஜெனிஷாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பஸ் இருக்குற இடத்தை வாங்குற பகுதி யாரு எழுதினது?"

"அஜின். பார்க்கவே கண்றாவியா இருந்துது மிஸ். அழிச்சிட்டு நானே எழுதினேன்."

"படிச்சுப் பார்த்தியா?"

"பாதி."

"முத்துலெட்சுமி?"

"அவ ஸ்கிரீனுக்குப் போட்ட கலரே சரியில்ல. அதையும் நான்தான் மாத்தினேன்."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டு இருக்க நேரம் எங்க மிஸ்?"

லில்லி புஷ்பம் கையை நீட்டினாள்.

"லேப்டாப்பைக் குடு."

அப்பாடா என்றிருந்தது ஜெனிஷாவுக்கு. மிஸ் சரிபண்ணித் தந்துவிடுவாள்.

மிஸ் அதை வாங்கி மேசை டிராயருக்குள் வைத்தாள். பூட்டினாள். மறுபடியும் விடைத்தாளை எடுத்துக்கொண்டாள்.

"மிஸ்!"

"நாலு மணிக்கு வந்து வாங்கிக்கோ."

"அதுவரை நான் என்ன செய்ய?"

"லேப்ல அவங்க ரெண்டு பேரும் இருக்காங்கல்லா."

லேபுக்குப் படி இறங்கினாள். மிஸ்ஸை அவள் மனதுக்குள் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

லேபில் அவள் நினைத்தபடியேதான் இருந்தது. அஜின் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். முத்துலெட்சுமி ரெக்கார்டு நோட்டின் ஓரத்தில் பூக்கோலம் வரைந்துகொண்டிருந்தாள்.

கத்தத்தான் வாயைத் திறந்தாள். அழுகை வந்துவிட்டது.

"லேப்டாப்பை மிஸ் பூட்டி வச்சிட்டாங்க. அந்த பஸ் இன்னும் கடல்லதான் நிக்குது. எனக்கு என்ன செய்யன்னே தெரியல அஜின்."

புராஜெக்ட் தொடங்கிய நான்கு மாதத்தில் இப்படி ஒரு பேச்சு அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

அஜின் கிரிக்கெட்டை நிறுத்தினான்.

"ஏழாம் நம்பரா? அதுல மட்டும் பழைய ஜி.பி.எஸ். கருவி. இடத்தை வேற கணக்குல அனுப்பும். நான் டெய்லி அதுலதானே வாறேன். டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லிக் கழட்டிப் பார்த்தேன். அந்தக் கணக்கை மாத்த ஒரு பத்து வரி எழுதியிருந்தேன்."

"எப்போ?"

"போன மாசம்."

 ஜெனிஷா படிக்காமலே அழித்த மறுபாதியில் அது இருந்திருக்கிறது. வெட்கத்தில் முகம் எரிந்தது.

"மறுபடியும் எழுத முடியுமா?"

"பத்து நிமிஷம்."

லேப் கம்ப்யூட்டரின் கீபோர்டை இழுத்து விரலை வைத்தான். ஆனால் தட்டவில்லை. முத்துலெட்சுமியும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அஜின் கேட்டான்.

"எழுதுறேன். நாளைக்குக் காலையில வந்து பார்த்தா இருக்குமா, ஜெனிஷா?"