சால் மேல் உட்கார்ந்த சாமி

புரட்டாசியின் கடைசி வெயில் வந்துவிட்டால் தெய்வாத்தாளுக்கு இருப்புக்கொள்ளாது.

மழை இறங்குவதற்குள் நூலுக்குச் சாயம் ஏற்றிக் காயவைத்துவிட வேண்டும். அதே மழையை நம்பித்தான் நாற்றும் நட வேண்டும். சாயச்சால் கொட்டகைக்குள் இருந்தது, கழுத்து வரை மண்ணில் புதைத்த பெரிய பானை. கொட்டகைக்குப் பின்னால் தோட்டம். இரண்டுக்கும் நடுவில் ஓடி ஓடி அவளுக்குக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

போன அமாவாசையை ஒட்டி இரண்டுமே கெட்டுப்போயின. தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பு சேர்த்து, நீலம் தரும் அவுரியைக் கரைத்து ஊறப்போட்டிருந்தாள். தண்ணீர் என்னவோ நீலமாகத்தான் நின்றது. நூலை முக்கி அலசினால் நீலமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. அதே வாரம் பாத்தியில் கத்தரி நாற்றும் தலை சாய்ந்தது.

நூல் வாங்கும் தறிக்காரர் கோபிக்கவில்லை. "இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா நான் கடை நூலுக்குப் போயிருவேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

பெரிய மகன் நவநீதன் திருப்பூரிலிருந்து வந்து பார்த்தான். "ஒண்ணை விடும்மா. தோட்டத்துல காரை போட்டுத் தர்றேன், நூல் காயப்போட ஆகும். வியாழக்கிழமை காலையில கொத்தனார் வர்றார்" என்றான்.

தெய்வாத்தாளுக்குச் சாயம்தான் பிழைப்பு. தோட்டம் பிழைப்பில்லை. ஆனால் அங்கே மண்ணைப் பார்த்துக் குனிந்தால்தான் அவளுக்குச் சாமி கும்பிட்ட மாதிரி இருக்கும். விளக்கேற்றி முருகனிடமும் கேட்டுப் பார்த்தாள். முருகன் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை விடிந்ததும் மலையடிவார மடத்துக்குப் போனாள்.

மடத்தில் இருந்தவர் சின்னச்சாமி. அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர்தான் அவளுக்குக் குரு. அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை. அவரோ அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, எதை விடட்டுங்க? சாயத்தையா, தோட்டத்தையா?"

"எதை விட மனசு வருது?"

"ரெண்டையும் விட மனசில்லீங்க. சால்கிட்ட நின்னா நாத்து கூப்பிடுது. நாத்துகிட்டக் குனிஞ்சா சால் கூப்பிடுது. எங்க இருந்தாலும் இன்னொண்ணுக்குத் துரோகம் பண்ற மாதிரியே இருக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறேன்."

சாமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"இன்னைக்கு மத்தியானச் சோறு உங்க வீட்ல போடுவீங்களா?"

"வாங்க சாமி. ஆனா நான் கேட்டது..."

"கீரை கடைஞ்சு வையுங்க."

சொன்னபடியே வெயில் ஏறும்போது வந்துவிட்டார். நேராகக் கொட்டகைக்குள் போய்ச் சாலின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். புதிதாகக் கரைத்து ஊறப்போட்டிருந்த சாலின் வாயைப் பலகை மூடியிருந்தது.

"இதை எதுக்குங்க மூடி வெச்சிருக்கீங்க?"

"காத்துப் படக்கூடாதுங்க. உள்ளுக்குள்ளயே கனியணும். சாயங்காலத்துக்குப் பதம் வந்துரும். நடுவுல காத்துப் போச்சுன்னா கெட்டுரும்."

"அப்ப அதுவரைக்கும் இதுக்கு என்ன வேலை செய்யோணும்?"

"வேலை ஒண்ணுமில்லீங்க. பார்த்துக்கோணும், அவ்வளவுதான்."

"நான் பார்த்துக்கறேன். நீங்க போய் நாத்தை நடுங்க."

அவள் போனாள். நாலு நாற்று நட்டிருப்பாள், கையிலிருந்த மண்ணோடு திரும்பி வந்தாள். பலகையைத் தூக்கினாள். குனிந்து மோந்து பார்த்தாள். குச்சியால் ஒரு கலக்குக் கலக்கி மூடினாள்.

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள்.

சாமி தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தாள். தூக்கினாள், மோந்தாள், கலக்கினாள், மூடினாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது சாமி பலகையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க சாமி."

"எதுக்குங்க?"

"பார்க்கோணும்."

"நான்தான் பார்த்துக்கிட்டிருக்கேனே."

"நீங்க எங்க பார்க்கறீங்க? பலகை மேல உக்காந்திருக்கீங்க."

"உள்ள காத்துப் போனா கெட்டுரும்னு நீங்கதான் சொன்னீங்க."

தெய்வாத்தாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். போன தடவை அந்தப் பலகையை எத்தனை முறை தூக்கினோம் என்று யோசித்துப் பார்த்தாள். தோட்டத்திலிருந்து ஓடி வந்தபோதெல்லாம் தூக்கியிருக்கிறாள்.

வாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் திரும்பினாள்.

"வாளி எதுக்கு அக்கா?"

"நாத்துக்குத் தண்ணி ஊத்தப் போறேனுங்க."

"நட்டதும் ஊத்தலையா?"

"ஊத்தினேன். கழுத்துத் தொங்குது சாமி, பார்க்கப் பாவமா இருக்குது."

"இடம் மாத்தி நட்டா ஒரு நாள் தொங்கத்தான் செய்யும். நீங்க கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு நிமிர்ந்தா நின்னீங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"போன தடவை சாய்ஞ்சது ஏதாவது மிச்சம் கிடக்குதா பாருங்க" என்றார் சாமி.

பாத்தி ஓரத்தில் பிடுங்காமல் விட்ட ஒன்று கிடந்தது. இழுத்ததும் கையோடு வந்தது. தண்ணீர் இல்லாமல் கருகியது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வேர் கறுத்து, கொழகொழவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் அழுகல் நாற்றம் அடித்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாளியைச் சாமியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் சாமி எழுந்திருக்கவில்லை. தட்டைப் பலகைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் சாப்பிட்டார்.

"கீரைக்கு உப்பு போடலையே."

"கடையறப்ப நெனப்பெல்லாம் சால்லயே இருந்துச்சுங்க."

"சால்ல போட்டுட்டீங்களோ என்னமோ."

"சாப்பிடறப்பவும் எறங்க மாட்டீங்களா?"

"எறங்கினா நீங்க தூக்கிருவீங்க."

சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிறபடி நடக்கட்டும் என்று நாற்றின் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாற்றை ஊன்றும்போதும் முருகா என்று சொல்வது அவள் வழக்கம். முதல் வரிசையில் வாய் முருகா என்றது, காது கொட்டகையில் இருந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு மண்புழு குறுக்கே போயிற்று, அது போய் மறையும் வரை காத்திருந்தாள். அதற்கப்புறம் மண்ணும் நாற்றும் முருகாவுமாகப் பொழுது போனதே தெரியவில்லை.

நிமிர்ந்தபோது நிழல் வேலியைத் தாண்டி நீண்டிருந்தது. கையில் நாற்று இல்லை. அப்புறம்தான் சாலின் நினைவே வந்தது.

ஓடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நடந்துதான் வந்தாள்.

சாமி இறங்கி நின்றார். பலகையை அவளே தூக்கினாள். சாலின் மேல் செம்புத் தகடு மாதிரி ஆடை படர்ந்திருந்தது. அதை ஒதுக்கினால் அடியில் பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீர் கனிந்திருந்தது.

நனைத்து வைத்திருந்த நூல் சிட்டத்தை மெதுவாக முக்கினாள். வெளியே எடுத்தபோது நூல் வாழைக்குருத்து நிறத்தில் இருந்தது. காற்றில் பிடித்தாள். ஓரத்திலிருந்து நீலம் ஏறியது. அவள் ஆயிரம் முறை பார்த்ததுதான். ஆனாலும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வாளித் தண்ணீரில் அலசினாள். நீலம் நூலிலேயே நின்றது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நவநீதன் உள்ளே வந்தான். சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தோட்டத்தை எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, நாத்து நட்டிருக்கே? காலையில கொத்தனார் வர்றார்ல?"

"வர வேண்டாம்னு சொல்லிடு கண்ணு."

"அப்பச் சாயத்தை விடறயா?"

அவள் சிட்டத்தை நீட்டினாள். அவன் தொட்டுப் பார்த்தான். விரலில் நீலம் ஒட்டவில்லை.

"நல்லா வந்திருக்குது" என்றான். "ஆனா ரெண்டையும் வெச்சுக்கிட்டு நீ எத்தனை நாளைக்கு இப்படி ஓடுவே? உன் காலைப் பாரு. ஏதாவது ஒண்ணை நீ விட்டுத்தாம்மா ஆகணும்."

தெய்வாத்தாள் தன் காலைப் பார்த்தாள். சாமியிடம் திரும்பினாள்.

"அவன் சொல்றதும் நெசம்தானுங்களே சாமி. காலையில கேட்டேன், எதை விடறதுன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையே."

சாமி மரத்துப்போன முழங்காலை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"மத்தியானத்துக்கு மேல ஓடி ஓடி வந்து பார்க்கறதை விட்டீங்களே அக்கா. அதையே விட்டுருங்க."