மறந்துவிட்டுப் போடுங்கள்

கம்ப்யூட்டர் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் தோற்றுத் தோற்று நொந்துபோயிருந்த தென்காசி இசக்கிலட்சுமி கடைசியில் ஒரு வழி கண்டாள். ஒரு புரோகிராம் கணக்கைப் போட்டால் அதோடு விடமாட்டாள். அது மறக்கப்போகிற நேரம் பார்த்து மறுபடி போடுவாள். அடுத்த தடவை இன்னும் சில நாள் தள்ளிப் போடுவாள். இப்படியே கணக்குகள் எல்லாம் மனதில் ஊறிவிட்டன.

அன்று சென்னையில் தேர்வு நடத்தியவர் மேலாளர் சேஷகோபாலன். பக்கத்தில் உதவி மேலாளர் ரெஜினா. சரியான விடை எழுதிய தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு சேஷகோபாலன் கேள்வியைக் கேட்டு முடித்ததும் இசக்கிலட்சுமி மளமளவென்று போர்டில் விடையை எழுதிவிட்டாள்.

சேஷகோபாலன் உதட்டைப் பிதுக்கினார். "இது மனப்பாடம்மா. எனக்கு யோசிக்கிற ஆள் வேணும். தெரிஞ்சதையெல்லாம் மறந்துட்டுப் புதுசா போடுங்க, பார்ப்போம்."

இந்த வேலையும் போச்சு. போகிறதுதான் போகிறது, கேட்டுவிடுவோம் என்று இசக்கிலட்சுமி துணிந்தாள்.

"மறந்துட்டுப் போடறது எப்படின்னு எனக்குத் தெரியலை, சார். உங்க விடைத்தாளைக் கவிழ்த்து வச்சுட்டு ஒருதடவை போட்டுக் காட்டுங்க. கத்துக்கிறேன்."

சேஷகோபாலன் மிடுக்காக எழுந்தார். இரண்டு வரி எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் அவர் கை மெல்ல விடைத்தாளை நோக்கிப் போனது. ரெஜினா சிரிப்பை மறைக்க இருமினாள்.

லிஃப்ட் வரைக்கும் ரெஜினாவே கூட வந்தாள். "நான் இத்தனை வருஷமா கேட்க நினைச்சதை நீங்க கேட்டுட்டீங்க."

"அப்போ வேலை கிடைக்குமா, மேடம்?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். "கையெழுத்துப் போட வேண்டியது அவர்தானே."

லிஃப்டில் வேறு யாரும் இல்லை. கீழே போய்ச் சேரும்வரை இசக்கிலட்சுமி வாய்விட்டு அழுதாள்.