தலைவருக்கு வேர்த்துப் போச்சு

"உருக்கிட்டோம்னு யார் சார் சொன்னது? அபாண்டமா பேசாதீங்க! 'சிலைன்னு நெனைக்காதீங்க, நிஜ ஆளா நெனச்சு கவனிங்க'ன்னு சொன்னது உங்க வாயா, எங்க வாயா?"

போன்ல மேனேஜர். இந்தப் பக்கம் கோதண்டம், கழுத்து நரம்பு புடைக்க.

வடபழனியில இருக்கிற மெழுகுச் சிலை மியூசியத்துல கோதண்டம், ஏகாம்பரம், அஞ்சலைக்கா மூணு பேரும் காவலுக்குச் சேர்ந்து மூணே நாள். மத்தவங்களுக்கு இந்த வேலை போனா வேற வேலை. கோதண்டத்துக்கு அப்படியில்ல. "நடிகர் மின்னல்மாறன் பக்கத்துலயே நிக்கிற வேலை"ன்னு சொல்லித்தான் பொண்ணு கேட்டிருந்தான். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

நடந்தது இதுதான். காலையில ஏ.சி. நின்னுபோச்சு. மின்னல்மாறன் சிலை நெத்தியில ஒரு சொட்டு உருண்டுச்சு.

"தலைவருக்கு வேர்க்குதுடா"ன்னா அஞ்சலைக்கா.

"மூணு நாளா நிக்கிறாரு. ஒரு வாய் தண்ணி கேட்டாரா? பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்"னு கோதண்டம் கண்ணத் தொடச்சிக்கிட்டான்.

ஏகாம்பரம் ஆழமா யோசிச்சான். "இது வேர்வை இல்லக்கா. திருஷ்டி. நேத்து மட்டும் நானூறு பேரு வச்ச கண்ணு வாங்காம பாத்தாங்க."

நானூறு பேர் கண்ணுக்கு ஒரு கட்டி சூடம் எப்படிப் பத்தும்? தட்டு நெறைய ஏத்தி, மூஞ்சிக்குக் கிட்டக்கக் கொண்டுபோய்ச் சுத்தினாங்க. மூக்கு மெதுவா நழுவி மீசை மேல உக்காந்துச்சு.

"பாத்தியா, திருஷ்டி எறங்குது!"

எறங்கினதும் சந்தோஷம் தாங்காம பாலாபிஷேகம். பச்சப் பால் ஊத்தினா சளி புடிக்குமேன்னு, கீழ டீக்கடையிலிருந்து கொதிக்கக் கொதிக்க ரெண்டு குண்டான் கொண்டுவந்தாங்க. ஊத்த ஊத்த தலைவர் குனிஞ்சுகிட்டே போய் கோதண்டத்தோட முழங்கால் கிட்ட வந்துட்டாரு.

"எவ்வளவு பணிவுடா இந்த மனுஷனுக்கு!"ன்னு அஞ்சலைக்கா கும்பிட்டா.

இதையெல்லாம் கேமராவுல பாத்துட்டுத்தான் மேனேஜர் போன் போட்டது. கோதண்டம் போனை வச்சுட்டு மூச்சு வாங்கினான்.

"நாலு மணிக்கு டிவிக்காரங்க வர்றாங்களாம். இனிமே மின்னல்மாறன் நெத்தியில ஒரு சொட்டு தெரிஞ்சாலும் ஒரு கேள்வி கேக்காம ஐஸ்ல வைக்கணுமாம். தப்பினா மூணு பேருக்கும் வேலை இல்ல."

மூணே முக்காலுக்கு நிஜ மின்னல்மாறனே தன் சிலையப் பாக்க வந்தாரு. ஏ.சி. இல்ல, நாலு மாடி ஏறி வேற வந்திருக்காரு. நெத்தியில ஒரு சொட்டு என்ன, ஆறே ஓடுது.

"இவரு நடக்கிறாரேடா?"ன்னு ஏகாம்பரம் இழுத்தான்.

"கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல! தூக்குடா!"

கீழ ஐஸ்கிரீம் கடைப் பெட்டியில, வெனிலாவுக்கும் பிஸ்தாவுக்கும் நடுவுல தலைவரப் படுக்க வச்சாங்க. மூச்சுக்காக மூடிய ஒரு சாண் திறந்து வச்சது அஞ்சலைக்காவோட கரிசனம்.

டிவிக்காரங்களோட ஓடிவந்த மேனேஜர் தலையில அடிச்சுக்கிட்டாரு. கோதண்டத்துக்கு வந்துச்சு பாருங்க கோவம்! மைக்கப் புடுங்கி, அந்த ஒரு சாண் சந்துல நீட்டினான்.

"தலைவா, பல்லு கிட்டினது போதும், ஊரே பாக்குது, பதில் சொல்லுங்க! நீங்க சிலையா, ஆளா? சிலைன்னா உருகாம காப்பாத்தியிருக்கோம். ஆளுன்னா, நான் உங்க பக்கத்துலதான் வேலை பாக்குறேன்னு நீங்களே சொல்லுங்க. என் மாமனாரு டிவி முன்னாடிதான் உக்காந்திருக்காரு. சொல்லாம மூடி திறக்காது!"